‘ஆஃப் ஒன்ஸ் ராக்கர்’: ஆங்கில மரபுத்தொடர்ச் செயலி ஒன்றுக்கு மதிப்புரை

ஆங்கில மரபுத்தொடர்களுக்குத் தமிழில் விளக்கம் தரும் கைப்பேசிச் செயலி ஒன்றுக்கு ஆண்டுச் சந்தாவாக 799 ரூபாய் கட்டி, பதினோரு மாதங்களாக நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். பகலில் ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவது என் தொழில். மாலையில் வேலை தேடும் இளைஞர்கள் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு வேலைக்கும் மரபுத்தொடர் அகராதி இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. செயலியின் பெயரை இங்கே நான் குறிப்பிடவில்லை. நான் சுட்டிக்காட்டிய பிழைகளைத் திருத்தும் வேலை நடப்பதாக அதன் பதிப்புக் குழுவினர் எழுதியிருக்கிறார்கள். திருத்தத்துக்கு முந்தைய நிலையை வைத்து அவர்கள் பெயரைக் கெடுப்பது முறையாகாது. தவிர, கீழே சொல்லப்போகும் குறைகள் இவ்வகைச் செயலிகள் பலவற்றுக்கும் பொதுவானவை.

மரபுத்தொடர் அகராதி எதைச் சோதிப்பதானாலும் பைத்தியத்தைக் குறிக்கும் தொடர்களைத்தான் நான் முதலில் திறந்து பார்ப்பேன். ஒருவர் கொஞ்சும்போதும் அந்தச் சொற்கள்தான் வருகின்றன, திட்டும்போதும் அவைதான் வருகின்றன. நோயைப் பற்றிப் பேசத் தெரியாதவர்கள் வாயிலும் அவையே வருகின்றன. பொருளை மட்டும் எழுதிவிட்டு, யார் யாரிடம் எந்த நேரத்தில் சொல்லலாம் என்பதை எழுதாமல் விட்டால், வேறு எந்தத் தலைப்பிலும் இல்லாத அளவுக்கு இந்தத் தலைப்பில் வாசகர் வழுக்கி விழுவார்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். இணையம் இல்லாத இடத்திலும் செயலி முழுமையாக இயங்குகிறது. தமிழ் எழுத்துரு கண்ணை உறுத்தாமல் தெளிவாக இருக்கிறது. ஆங்கிலத் தொடரின் எந்தச் சொல்லைத் தட்டினாலும் தொடர் கிடைக்கிறது. அதைவிடச் சிறப்பாக, தமிழில் ‘பைத்தியம்’ என்று தட்டினால் அந்தப் பொருளில் வரும் 23 தொடர்களும் ஒரே பட்டியலாக வந்து நிற்கின்றன. அச்சு அகராதியில் இந்த வசதி கிடையாது. ஒரு பாத்திரம் இன்னொருவரைப் பார்த்துக் கத்துகிறது, அந்த வசனத்துக்கு அரை மணி நேரத்தில் தமிழ் வேண்டும் என்ற நெருக்கடியில் இந்தப் பட்டியல் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. விளம்பரம் இல்லை என்பதையும் நிறையாகவே எண்ணுகிறேன்.

இனி அந்த 23 தொடர்களில் ஒன்றான ‘ஆஃப் ஒன்ஸ் ராக்கர்’ என்பதை எடுத்துக்கொள்வோம். செயலி ஒவ்வொரு தொடரையும் திரையில் ஓர் அட்டையாகக் காட்டுகிறது. இந்த அட்டையின் மேலே தடித்த எழுத்தில் தொடர் இருக்கிறது. அதன் கீழே ‘பைத்தியம் பிடித்த, மனநலம் குன்றிய’ என்று பொருள். அதற்கும் கீழே, ஆடும் நாற்காலியிலிருந்து நரைத்த தலையுடைய முதியவர் ஒருவர் சரிந்து விழுவதாக ஒரு வண்ணப் படம். ‘ஹீ இஸ் ஆஃப் ஹிஸ் ராக்கர்’ என்று ஒரே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். அவ்வளவுதான், அட்டை முடிந்துவிடுகிறது.

பொருள் தவறு என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. ஆனால் ‘பைத்தியம் பிடித்த’ என்பதற்கும் ‘மனநலம் குன்றிய’ என்பதற்கும் நடுவில் ஒரு காற்புள்ளியை மட்டும் இட்டு, இரண்டும் ஒன்றே என்பதுபோல் நிறுத்தியது பெரிய பிழை. முன்னது பேச்சில் கோபமாகவும் கேலியாகவும் வருவது. பின்னது மருத்துவமும் அரசு ஆவணங்களும் கையாளும் நடையைச் சேர்ந்தது. ‘ஆஃப் ஒன்ஸ் ராக்கர்’ முற்றிலும் பேச்சு வழக்கு. ஒருவர் விவேகமில்லாத காரியம் ஒன்றைச் செய்யும்போதோ, நம்ப முடியாத ஒன்றைச் சொல்லும்போதோ, ‘உனக்கென்ன பைத்தியமா’ என்று வியந்தோ வெகுண்டோ கேட்பதற்கு உரியது அது. ‘ஆர் யூ ஆஃப் யுவர் ராக்கர்?’ என்று நண்பர் நண்பரிடம் கேட்கலாம், மனைவி கணவரிடம் கேட்கலாம். மருத்துவர் நோயாளியைப் பற்றி அப்படிச் சொன்னால் அது அவமதிப்பு. மனநோய் உள்ள ஒருவரைச் சுட்டி அப்படிச் சொன்னால் அதைவிடப் பெரிய அவமதிப்பு. இந்த வேறுபாட்டைச் சொல்ல ‘பேச்சு வழக்கு, நோயைக் குறிக்கப் பயன்படுத்தக் கூடாது’ என்று ஒரு வரி போதும். அட்டையில் அதற்கு இடமும் இருக்கிறது.

இந்த ஒரு வரி இல்லாததால் என் குடும்பத்திலேயே ஒரு சங்கடம் நேர்ந்தது. என் அக்கா மகள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவளுடைய மேலாளர் இங்கிலாந்தில் இருப்பவர். என் அப்பாவுக்கு வயது 82. இரண்டு ஆண்டுகளாக நினைவு மங்கி வருகிறது. ஒருநாள் விடியுமுன் கதவைத் திறந்துகொண்டு, ஓய்வு பெற்று இருபது ஆண்டுக்கு மேலான அலுவலகத்துக்குப் போவதற்காகப் பேருந்து நிலையம்வரை நடந்துவிட்டார். தெரிந்தவர் ஒருவர் அழைத்து வந்து விட்டார். அன்று அவருடன் வீட்டில் இருப்பதற்காக அவள் விடுப்புக் கேட்டு மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினாள். இந்தச் செயலியை அவள் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தவன் நான்தான். தாத்தாவுக்கு மனநலம் சரியில்லை என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அதில் தேடியிருக்கிறாள். ‘மனநலம்’ என்று தட்டியதும் முதலில் வந்தது நாற்காலியிலிருந்து விழும் முதியவரின் படம் போட்ட அந்த அட்டை. ‘மை கிராண்ட்ஃபாதர் இஸ் ஆஃப் ஹிஸ் ராக்கர்’ என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

விடுப்பு கிடைத்தது. கூடவே, தாத்தாவுக்கு உடல்நலமில்லையா என்று அக்கறையோடு விசாரித்து, அந்தத் தொடரை நோய்க்குப் பயன்படுத்துவதில்லை என்பதையும் அந்த மேலாளர் பண்போடு ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தார். “மாமா, தாத்தாவுக்கு மனநலம் சரியில்லைன்னு எழுதத்தான் தேடினேன், இதுதான் முதல்ல வந்துச்சு” என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. அப்பா அதே கூடத்தில் உட்கார்ந்து, மடித்த செய்தித்தாளை விரித்து மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். ‘எங்கள் தாத்தாவுக்கு மரை கழன்றுவிட்டது’ என்று அலுவலகத்துக்கு எழுதினால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படித்தான் அந்த ஆங்கில வாக்கியம் இருந்தது. ‘ஹீ ஹேஸ் டிமென்ஷியா’ என்ற மூன்று சொல் அவளுக்குக் கிடைத்திருந்தால் போதும். ‘மனநலம்’ என்ற சொல்லைத் தேடுபவருக்குப் பேச்சு வழக்குத் தொடர்களைக் காட்டலாமா என்பதை இந்தச் செயலியை உருவாக்கியவர்கள் ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும்.

இலக்கணக் குறிப்பு இல்லாததும் இதே அளவு தொல்லை தருகிறது. தலைப்பில் உள்ள ‘ஒன்ஸ்’ என்பது வாசகர் மாற்றிக்கொள்ள வேண்டிய இடம்: எழுவாய்க்கு ஏற்ப ‘மை’, ‘யுவர்’, ‘ஹிஸ்’, ‘ஹர்’ என்று அது மாறும், பலரைச் சொல்லும்போது ‘தேர் ராக்கர்ஸ்’ என்று ராக்கரும் பன்மை ஏற்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, நமக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் மாலை வகுப்பில் இந்த அட்டையைப் படித்த பன்னிரண்டு பேரில் ஐவர் ‘மை அங்கிள் இஸ் ஆஃப் ஒன்ஸ் ராக்கர்’ என்று எழுதினார்கள். இன்னொருவர் அதைப் பெயரடையாக்கிப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். இந்தத் தொடர் பயனிலையாகத்தான் வரும். ‘இஸ்’, ‘கோ’ போன்ற வினைகளுக்குப் பின்னால் வரும். ‘கம்ப்ளீட்லி’ என்ற சொல்லை முன்னால் சேர்த்து அழுத்தம் கூட்டலாம். தமிழில் ‘அவனுக்கு மரை கழன்றுவிட்டது’ என்று நான்காம் வேற்றுமையில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுவாயாகவே சொல்ல வேண்டும் என்பதைப் பக்கத்தில் காட்டியிருந்தால் தமிழர்களுக்கென்றே செய்த அகராதி என்ற பெயர் அதற்குப் பொருந்தியிருக்கும்.

தோற்றக் குறிப்பு ஒரு தனிப் பகுதியாக வருகிறது. ‘ஆஃப் ஒன்ஸ் ராக்கர்’ 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலப் பேச்சில் ஏறியது. ராக்கர் என்பது ஆடும் நாற்காலிக்கும் தொட்டிலுக்கும் அடியில் இருக்கும் வளைந்த மரக்கட்டை. அதிலிருந்து நழுவியவர் நிலை தடுமாறியவர் என்ற உருவகம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒன்றே உறுதியான தோற்றம் என்று செயலி அடித்துச் சொல்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ‘ஆஃப் ஒன்ஸ் டிராலி’ என்ற தொடரும் பிறந்தது. டிராம் வண்டியின் கூரையிலிருந்து மேலே நீண்டு மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் உருளைதான் அங்கே டிராலி. கம்பியைவிட்டு அது விலகினால் வண்டி நின்றுவிடும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இருக்க வேண்டிய இடத்தைவிட்டு விலகிய பொறி ஒன்றைக் காட்டி மனிதரைச் சொல்லும் பழக்கம் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் பரவியிருந்தது புலப்படும். நம் ‘மரை கழன்றது’ என்பதும் பொறியைக் காட்டி மனிதரைச் சொல்வதுதான். மாணவரிடம் இந்த ஒப்புமையைச் சொன்னால் தொடர் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. முதியவர் விழும் படம் அதைச் செய்யவில்லை.

‘மேட் அஸ் எ ஹேட்டர்’ என்ற அட்டை இன்னும் மோசம். 1865இல் வந்த புகழ்பெற்ற குழந்தைக் கதையிலிருந்து பிறந்த தொடர் என்று அதில் போட்டிருக்கிறார்கள். அந்தக் கதை தொடரைப் பரப்பியது உண்மை. ஆனால் தொடர் அதற்கு 30 ஆண்டுகளுக்கு மேல் முன்பே அச்சில் வந்துவிட்டது. தொப்பி செய்பவர்களுக்கும் பித்துக்கும் உள்ள தொடர்பாகப் பலரும் சொல்வது பாதரசத்தை. முயல் முதலிய விலங்குகளின் மென்மயிரை அழுத்திக் கம்பளித் துணிபோல் ஆக்குவதற்குப் பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவினார்கள். மூடிய பட்டறைகளில் அதன் ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுங்கியது, பேச்சு குழறியது, காரணமில்லாத கூச்சமும் எரிச்சலும் வந்தன. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி நகரம் தொப்பித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அந்த நடுக்கத்துக்கே ‘டான்பரி நடுக்கம்’ என்று பெயர் வந்தது. அங்கே தொப்பித் தொழிலில் பாதரசம் கைவிடப்பட்டது 1941இல்தான். தொடர் பாதரசத்திலிருந்துதான் பிறந்தது என்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை, ஆனாலும் தொழிலாளர் பட்ட பாடு உண்மை. இவ்வளவு பெரிய செய்தியை விட்டுவிட்டு அட்டையில் ஒரு கோமாளித் தொப்பியை வரைந்து வைத்திருப்பது எனக்கு மனவருத்தம் தந்தது.

‘ரவுண்ட் தி பெண்ட்’ என்ற தொடருக்குப் பைத்தியக்கார மருத்துவமனைகளைச் சாலை வளைவுக்கு அப்பால் மறைவாகக் கட்டினார்கள் என்ற கதையைச் செயலி சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் இல்லை. கடற்படையினரின் வழக்கிலிருந்து வந்தது என்பதற்குத்தான் பழைய சான்று இருக்கிறது. இப்படிப்பட்ட கதைகளைப் ‘பொதுவாகச் சொல்லப்படுவது’ என்ற அடைமொழியோடு தந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

23 தொடர்களில் இல்லாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது நம் நாட்டிலிருந்தே போனது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘கோ டூலாலி’ என்றால் புத்தி தடுமாறுவது. டூலாலி என்பது மகாராஷ்டிரத்தில் நாசிக்குக்கு அருகில் உள்ள தேவ்லாலி. பிரிட்டிஷ் படையின் இடைத்தங்கல் முகாம் அங்கே இருந்தது. இந்தியாவில் பணிக்காலம் முடிந்த சிப்பாய்கள் தாய்நாட்டுக்குக் கப்பல் ஏறுவதற்காக அங்கே வந்து காத்திருந்தார்கள். துருப்புக் கப்பல்கள் ஆண்டு முழுவதும் ஓடவில்லை. குளிர்காலத்தை ஒட்டிய மாதங்களில்தான் ஓடின. தவறான பருவத்தில் முகாமுக்கு வந்து சேர்ந்தவர் மாதக்கணக்கில் வெயிலில், வேலை எதுவும் இல்லாமல், ஊர் நினைவோடு கிடக்க வேண்டியதுதான். அந்த அலுப்பும் குடியும் காய்ச்சலும் சேர்ந்து அவர்களைப் படுத்திய பாட்டுக்கு ‘டூலாலி டாப்’ என்று சிப்பாய்கள் பெயரிட்டார்கள். அந்த ‘டாப்’ ஆங்கிலச் சொல் அன்று. காய்ச்சலைக் குறிக்கும் உருது, இந்தி வழக்கு. நாம் வெப்பத்துக்கும் வேட்கைக்கும் வழங்கும் ‘தாபம்’ என்ற சொல்லின் உறவு அது. பிற்காலத்தில் ‘டாப்’ உதிர்ந்து டூலாலி மட்டும் நின்றது. இன்று இங்கிலாந்தில் ஒரு பாட்டி பேரனைப் பார்த்து மிக மென்மையாக, புண்படுத்தாமல் சொல்லக்கூடிய சொல்லாக அது இருக்கிறது. அமெரிக்கர் பலருக்கு அது தெரியவே தெரியாது. தேவ்லாலியில் இன்றும் இந்தியப் படையின் பீரங்கிப் பயிற்சிப் பள்ளி இயங்குகிறது. இந்திய வாசகருக்கென்று ஆங்கில மரபுத்தொடர்களைத் தொகுப்பவர்கள் முதலில் சேர்த்திருக்க வேண்டிய தொடர் இது.

ஊர்ப்பெயர் இப்படிப் பித்துக்கு ஆகிவருவதை நாம் இடவாகு பெயர் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். லண்டனில் 1247இல் தோன்றிய பெத்லெம் மருத்துவமனையின் பெயர் மக்கள் வாயில் ‘பெட்லம்’ ஆகி, பின்பு பொதுச்சொல்லாகிவிட்டது. இந்தச் சொல் செயலியில் இருக்கிறது. ஆனால் ‘பைத்தியக்கார விடுதி’ என்று பொருள் தந்திருக்கிறார்கள். அது பழைய பொருள். இன்று ‘இட் வாஸ் பெட்லம்’ என்றால் ஒரே கூச்சல், ஒரே குழப்பம் என்பதுதான். பண்டிகைக்கு முந்தைய நாள் துணிக்கடையைச் சொல்வதற்கு ஏற்றது. நம் பக்கத்தில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற சொல் அந்த மென்மையை எட்டவில்லை. 1794இல் தொடங்கி, 1871 முதல் இன்றைய இடத்தில் இயங்கிவரும் அரசு மனநலக் காப்பகத்தின் பெயரால், சென்னையின் ஒரு பகுதியில் குடியிருப்பவர்கள் முகவரியைச் சொல்லவே தயங்கும் காலம் ஒன்று இருந்தது. இலங்கையில் அங்கொடை என்ற ஊருக்கும் அதே கதி. இரண்டு மொழிகளிலும் ஒரே வகை ஆகுபெயர் தோன்றியிருந்தும், ஒன்றில் அது நகைச்சுவையாகத் தேய்ந்ததையும் மற்றொன்றில் இன்னும் காயப்படுத்துவதையும் மொழிபெயர்ப்பாளர் கவனிக்காவிட்டால், வசனம் தவறான இடத்தில் சுடும்.

செயலியின் மிகப் பெரிய குறை என்று நான் கருதுவது, 23 தொடர்களையும் ஒரே பொருளுக்கான மாற்றுச் சொற்கள் என்று எண்ணிப் பட்டியல் போட்டிருப்பதுதான். ‘கோ பனானாஸ்’ என்பது 1960களின் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் வழக்காக எழுந்தது. கோபத்தாலோ மகிழ்ச்சியாலோ ஒருவர் தன்னை மறந்து ஆர்ப்பரிப்பதற்கே அது பெரும்பாலும் வருகிறது. கடைசிப் பந்தில் சிக்சர் பறந்தால் அரங்கமே பனானாஸ் ஆகும்; அங்கே யாருக்கும் பைத்தியம் இல்லை. ‘லூஸ் ஒன்ஸ் மார்பிள்ஸ்’ என்பது அறிவு கலங்குவதைச் சொல்வது, முதுமையின் மறதியைக் குறிப்பாகச் சுட்டுவது. ‘பேட்ஸ் இன் தி பெல்ஃப்ரி’ தேவாலய மணிக்கூண்டில் வௌவால் பறப்பதைப்போல் தலைக்குள் விசித்திர எண்ணங்கள் பறப்பதைச் சொல்வது, கோபம் கலவாதது. ‘நட்ஸ்’ என்பதோ அதன் பின்னால் ‘அபவுட்’ வந்துவிட்டால் முழுக்கத் திசை மாறிவிடும்: ‘ஷீ இஸ் நட்ஸ்’ என்றால் வசை, ‘ஷீ இஸ் நட்ஸ் அபவுட் கிரிக்கெட்’ என்றால் கிரிக்கெட் பைத்தியம். ‘சினிமா பைத்தியம்’, ‘புத்தகப் பைத்தியம்’, ‘வண்டிக் கிறுக்கு’ என்று நாமும் அப்படித்தான் சொல்கிறோம். ஆகவே தமிழ் வாசகருக்கு இதைப் புரியவைப்பது ஒரு நிமிட வேலை. பித்து என்ற சொல்லுக்கே நம் மொழியில் எவ்வளவு உயரம் உண்டு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரர் இறைவனைப் பித்தன் என்று அழைத்ததை வசை என்று யாரும் கொள்வதில்லை.

‘லூனடிக்’ என்ற சொல்லுக்குச் ‘சட்டச் சொல்’ என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். நிலவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. நிலவு மாறும்போது புத்தி மாறும் என்ற பழைய நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. 1912இன் இந்தியச் சட்டம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது உண்மைதான். ஆனால் 1987இன் மனநலச் சட்டம் அதைக் கைவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம். அமெரிக்காவும் 2012இல் தன் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்கிவிட்டது. சட்டம் படிக்கும் மாணவர் ஒருவர் இந்த முத்திரையை நம்பி விடைத்தாளில் எழுதினால் பொறுப்பு யாருடையது?

தமிழ்ச் சமன்களைத் தந்திருக்கும் பகுதிக்கு வருகிறேன். ‘மறை கழன்றவன்’ என்று வல்லின றகரம் போட்டிருக்கிறார்கள். மறை என்றால் வேதம், அல்லது மறைப்பது. திருகாணியின் சுற்றுப்பள்ளத்துக்குப் பெயர் மரை. அதனால்தான் திருகாணிக்கு மரையாணி என்ற பெயரும் வந்தது. மரை தேய்ந்த ஆணி பிடிப்பு இழந்து சுற்றிக்கொண்டே இருக்கும். பட்டறையில் ஒரு நாள் நின்று பார்த்தவருக்கு இந்தத் தொடரை விளக்க வேண்டியதில்லை. ஓர் எழுத்து மாறியதும் அந்த உருவகமே காணாமல் போய்விடுகிறது. எழுத்துப் பிழைக்காக நான் இவ்வளவு வருந்துவது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம், ஆனால் இது அகராதி.

‘லூசு’ என்ற சொல்லைப் பற்றிய எச்சரிக்கை இல்லாததும் ஒரு குறை. ஆங்கிலத்தில் ‘ஹேவ் எ ஸ்க்ரூ லூஸ்’ என்று ஒரு தொடர் உண்டு. நாம் அதை ‘ஸ்க்ரூ லூசு’ என்று வாங்கி, பிறகு ஆணியைக் கழற்றி எறிந்துவிட்டு ‘லூசு’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டோம். இன்று அது முழுத் தமிழ்ச் சொல். “போடா லூசு” என்று காதலி சொன்னால் கொஞ்சல், கடைக்காரரிடம் சொன்னால் சண்டை. ஆனால் இங்கிலாந்தில் போய் ‘ஹீ இஸ் எ லூஸ்’ என்றால் ஒருவருக்கும் புரியாது. ஒரு பெண்ணைப் பற்றி ‘ஷீ இஸ் லூஸ்’ என்று சொல்லிவிட்டால் ஒழுக்கத்தைப் பழித்ததாக ஆகிவிடும். தமிழர்கள் ஆங்கிலம் பேசும்போது தவறாமல் தடுக்கி விழும் இடம் இது என்பதை வகுப்பில் பத்தாண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

எல்லாச் சமன்களும் தமிழ்நாட்டுப் பேச்சிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் ‘விசர்’ என்பார்கள், “உனக்கென்ன விசரே?” என்பது ‘ஆர் யூ ஆஃப் யுவர் ராக்கர்?’ என்பதற்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது! நாம் வெறிநாய் என்பதை அவர்கள் விசர்நாய் என்கிறார்கள். உலகத் தமிழர்களுக்கான செயலி என்று முகப்பில் எழுதி, பணத்தைப் பவுண்டிலும் கனடிய டாலரிலும் பெற்றுக்கொள்பவர்கள் இந்த ஒரு சொல்லையாவது சேர்க்கக் கடமைப்பட்டவர்கள்.

சென்ற மாதம் நான் செய்த ஒரு தொடரில் ‘யூ ஆர் ஆஃப் யுவர் ராக்கர்’ என்ற வசனம் மூன்று இடங்களில் வந்தது. வீட்டை விற்றுப் படகு வாங்கப் போகிறேன் என்ற கணவரிடம் மனைவி சொல்லும் இடத்தில் “உங்களுக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா?” என்று எழுதினேன். அதே மனிதரிடம் இளவயது நண்பர் சொல்லும் இடத்தில் “மரை கழண்டுபோச்சாடா உனக்கு?” என்பது சரியாக இருந்தது. மூன்றாவது இடத்தில் மகள் தந்தையிடம், சிரித்துக்கொண்டே, கழுத்தைக் கட்டியபடி சொல்கிறாள். அங்கே “போங்கப்பா, உங்களுக்குக் கிறுக்குதான்” என்று போட்டேன். ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை, தமிழில் மூன்றும் மூன்று விதமாகிவிட்டன. சொல்பவரின் உறவும் மரியாதையும் வினைமுற்றுவரை ஊடுருவும் மொழியில் ஓர் ஆங்கிலத் தொடருக்கு ஒற்றைச் சமன் தருவது எப்படிப் போதும்? உறவுக்கு ஒன்றாக இரண்டு மூன்று வாக்கியங்கள் தந்தால், நான் இரட்டிப்புச் சந்தா கட்டவும் தயங்க மாட்டேன்.

ஒலிப்பு வசதி பரவாயில்லை. எல்லாத் தொடர்களையும் அமெரிக்கக் குரலே படிக்கிறது. பிரிட்டிஷ் தொடர்களுக்காவது அந்நாட்டுக் குரலைச் சேர்த்திருக்கலாம். வினாடி வினாப் பகுதியை நான் மாணவர்களுக்குப் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டேன், ஏனெனில் நான்கு விடைகளில் எதைத் தொட்டாலும் ‘பைத்தியம்’ என்றே பச்சை விளக்கு எரிகிறது.

அக்கா மகளுக்கு நேர்ந்ததை விவரித்து நான் எழுதிய மடலுக்கு ஒன்பது நாளில் பதில் வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள். ‘மனநலம்’ என்ற தேடல் சொல்லை அந்த 23 அட்டைகளிலிருந்தும் நீக்கிவிட்டதாகவும், பயன்பாட்டுக் குறிப்புகளை அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகவும் எழுதியிருந்தார்கள். முதல் வாக்குறுதியைச் சோதித்துப் பார்த்தேன், நிறைவேற்றியிருக்கிறார்கள். ‘மனநலம்’ என்று தட்டினால் இப்போது வெற்றுத் திரைதான் வருகிறது. அதுவே முன்பு வந்ததைவிட மேல். இரண்டாவது இன்னும் வரவில்லை.

சப்டைட்டில் எழுதுபவர்களும், ஆங்கிலத்தை ஓரளவு கற்றுத் தேர்ந்தவர்களும் அந்தப் பட்டியல் வசதிக்காக இந்தச் செயலியை வாங்கலாம். 799 ரூபாய் அதற்குத் தகும். புதிதாக ஆங்கிலம் கற்பவர்களுக்கும் அலுவலக மடல் எழுதப் போகிறவர்களுக்கும் இன்றைய நிலையில் நான் பரிந்துரைக்க மாட்டேன். இவ்வகைச் செயலி எதுவானாலும், இலவசக் காலம் தந்தால், பணம் கட்டுமுன் ‘ஆஃப் ஒன்ஸ் ராக்கர்’, ‘நட்ஸ் அபவுட்’, ‘பெட்லம்’ ஆகிய மூன்று அட்டைகளையும் திறந்து, முதலாவதில் பேச்சு வழக்கு என்ற குறிப்பு இருக்கிறதா, இரண்டாவது தனி அட்டையாக இருக்கிறதா, மூன்றாவதில் ‘கூச்சல் குழப்பம்’ என்ற பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். என் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. புதிய பதிப்பு அதற்குள் வந்தால் இந்த மூன்று அட்டைகளைத்தான் நானும் முதலில் திறப்பேன்.